வெட்டினால்தான் கேக் என்று தெரியும்: சிற்பக் கேக் செய்யக் கற்றுக்கொள்ள என்ன தேவை?

செருப்பு, சோப்பு, செடித்தொட்டி. கத்தி இறங்கியதும் உள்ளே பஞ்சு பஞ்சாகக் கேக். 2020 ஜூலையில், எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, துருக்கியைச் சேர்ந்த டூபா கெச்கில் செய்த இந்த மாதிரி கேக்குகளின் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் இதே விளையாட்டை 'இஸ் இட் கேக்?' என்ற போட்டி நிகழ்ச்சியாக்கியது. இப்போது உங்கள் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் வந்திருக்கும்: வாரக் கடைசி வகுப்பு, மூன்றே நாள், சான்றிதழ் உண்டு.

வேலைக்கு நடுவே ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ளலாம், நன்றாக வந்தால் வேலையையே விட்டுவிடலாம் என்று யோசிக்கிறீர்களா? கட்டணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்தக் கலையில் பேக்கிங் என்பது ஒரு பகுதிதான். மீதி கட்டுமானம், சர்க்கரையின் வேதியியல், கொஞ்சம் சட்டம், நிறைய வானிலை.

இந்தியாவில் இது புதுசா?

இல்லை. 1883-ல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு செய்ததைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வது வழக்கம். அது சாப்பிடச் செய்தது. பார்க்கவென்றே செய்யும் வழக்கத்துக்கு பெங்களூர் பெயர் போனது. அங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும் கேக் கண்காட்சி 2024-ல் 50-வது முறையாக நடந்தது. கோட்டை, தேவாலயம், நாடாளுமன்றம் என்று சர்க்கரையில் எழுப்பி வைப்பார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம், சாப்பிட முடியாது.

நம்ம ராமநாதபுரமும் இதில் சளைத்ததில்லை. 2020 டிசம்பரில், மரடோனா மறைந்த சில வாரங்களில், அங்கே ஒரு பேக்கரி அவருக்கு 6 அடி உயரத்தில் கேக் சிலை வைத்தது. 60 கிலோ சர்க்கரை, 270 முட்டை, நான்கு நாள் வேலை என்று அப்போது செய்தி வந்தது. 2022-ல் புனேயைச் சேர்ந்த பிராச்சி தபல் தேப், மிலான் தேவாலயத்தின் வடிவத்தை 100 கிலோ எடையில் ராயல் ஐசிங்கில் செய்தார். ராயல் ஐசிங் என்றாலே முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும்தான். அவர் முட்டை இல்லாத ராயல் ஐசிங்கில் அதைச் செய்தார். 'எக்லெஸ் இருக்கா?' என்பது முதல் கேள்வியாக இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

முதலில் கேக் நிற்க வேண்டும்

வீடியோவில் காட்டாத பாகம் இது. 2 கிலோ கேக்கை வட்டமாக வைத்தால் அது பாட்டுக்கு இருக்கும். அதையே ஒரு நாய்க்குட்டியாக நிறுத்தினால், தலையின் எடை கழுத்தில், கழுத்தின் எடை நெஞ்சில் இறங்கும். கேக் என்பது காற்றுக் குமிழிகளால் ஆன பொருள். எடை ஏற ஏற அமுங்கும், அமுங்கினால் வயிறு பிதுங்கும், மேலே போர்த்திய சர்க்கரைத் தோல் கிழியும்.

அதனால் முதலில் ஒரு எலும்புக்கூடு வேண்டும். அடியில் தடிமனான பலகை. அதில் நட், வாஷர் போட்டு முறுக்கிய மரையாணிக் கம்பி. கம்பி கேக்கில் படாமல் இருக்க அதன் மேல் ஒரு குழாய், அதைச் சுற்றி உணவுக்கு ஏற்ற உறை. ஏறக்குறைய 4 முதல் 6 அங்குல உயரத்துக்கு ஒரு அட்டை, அந்த அட்டையைத் தாங்க சுற்றிலும் குச்சிகள். அதாவது மேல் கேக்கைக் கீழ் கேக் சுமக்கக் கூடாது, குச்சிகள் சுமக்க வேண்டும். மாடி வீட்டுக்குத் தூண் போடுவது போலத்தான். நீங்கள் சிவில் அல்லது மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கோடிங் செய்துகொண்டிருப்பவர் என்றால், அந்தப் படிப்பு கடைசியில் இங்கே உதவக்கூடும்.

அடுத்தது எந்தக் கேக் என்ற கேள்வி. பிறந்தநாளுக்கு வாங்கும் மெத்தென்ற ஸ்பாஞ்சைச் செதுக்கினால் தூளாகும். வெண்ணெய் கூடுதலாகச் சேர்த்த, இறுகலான பவுண்ட் கேக், சாக்லேட் மட் கேக் மாதிரி வகைகள்தான் கத்திக்கு நிற்கும். சுட்டதை இறுக உறையிட்டு ஒரு ராத்திரி குளிரவைத்து, பல் வைத்த நீளக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். சீவியதைத் திரும்ப ஒட்டுவது கஷ்டம். காது, வால், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களைக் கேக்கில் செய்வதே இல்லை. உருக்கிய மார்ஷ்மெல்லோவில் பொரி வகையைப் பிசைந்து உருட்டிச் செய்வார்கள். எடை குறைவு, காய்ந்தால் கெட்டியாகும்.

சர்க்கரைத் தோலும் கடற்கரைக் காற்றும்

கேக்கின் மேல் துணி போல விரிக்கும் ஃபாண்டன்ட் என்பது பொடித்த சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, கிளிசரின், ஜெலட்டின் அல்லது சைவப் பசை ஏதாவது சேர்த்துப் பிசைந்த மாவு. ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. வாடிக்கையாளர் சைவம் என்றால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கொழுக்கட்டைக்கு மேல்மாவு பிசைந்த கை உங்களுக்கு இருந்தால் பாதி பாடம் முடிந்தது. மூடி வைக்காத மாவு காய்ந்து விரிவது போலவே ஃபாண்டன்டும் சுருங்கி, யானைத்தோல் மாதிரி வரி வரியாக வெடிக்கும். எடுத்த அளவு போக மீதியை உறையில் மூட வேண்டும், கையில் துளி கொழுப்பு தடவிக்கொள்ள வேண்டும். ஆனால் சென்னை, மும்பை, கொச்சி மாதிரி கடலோர ஊர்களில் பிரச்சினை தலைகீழ். சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கேக் மேல், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வேர்ப்பது போல நீர் கோர்க்கும். பளபளவென்று ஆகும், தொட்டால் ஒட்டும், கறுப்பு நிறம் வெள்ளையில் இறங்கும். வெளிநாட்டு வீடியோக்களில் இதற்குப் பதில் கிடைப்பது அரிது. அவர்கள் காற்று வேறு.

உள்ளூரில் அனுபவப்பட்டவர்கள் செய்வது இதுதான்: கேக்கை மூடிய அட்டைப்பெட்டியிலேயே குளிரவைத்து, வெளியே எடுத்த பிறகும் பெட்டியைத் திறக்காமல் ஏ.சி. அறையில் வைப்பார்கள். நீர் பெட்டி மேல் கோர்க்கும், கேக் மேல் கோர்க்காது. மீறி வேர்த்துவிட்டால் விரலால் தொடாமல் மின்விசிறிக் காற்றில் விட்டுவிட வேண்டும்.

ஃபாண்டன்டுக்கு அடியில் என்ன தடவுகிறீர்கள் என்பதும் முக்கியம். நம் பேக்கரிகளில் பழக்கமான விப் கிரீமில் தண்ணீர் அதிகம். அது சர்க்கரையைக் கரைக்கும், கேக்கும் வழுக்கும். அதனால் கனாஷ் பூசுவது நல்லது. டார்க் சாக்லேட் என்றால் 2 பங்குக்கு 1 பங்கு கிரீம், வெள்ளை சாக்லேட் என்றால் 3-க்கு 1. சித்திரை வெயிலில் சாக்லேட்டை இன்னும் கூட்ட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் சுவர்ப்பூச்சு போல இறுகும். அதன் மேல் போர்த்தினால் விளிம்பு கூராக வரும். பட்டர்கிரீம் பிடிக்கும் என்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகும். மே மாதத்தில் சென்னை வீட்டுச் சமையலறையின் சூடு அதைத் தாண்டிவிடும்.

முகம், விரல் மாதிரி நுட்பமான வேலைக்கு, உருக்கிய சாக்லேட்டில் லிக்விட் குளுக்கோஸ் கலந்து செய்யும் மாடலிங் சாக்லேட் கைக்கு அடங்கும். களிமண் போல இணைப்புகள் தேய்த்தால் மறையும். அதற்கு நிறம் சேர்க்கும்போது எண்ணெய் சார்ந்த நிறத்தைத்தான் சேர்க்க வேண்டும். தண்ணீர் பட்டால் உருகிய சாக்லேட் திரிந்து மணல் மணலாகிவிடும்.

ருசி பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபாண்டன்ட் கேக்கில் விருந்தாளிகள் முதலில் செய்வது அந்தத் தோலை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைப்பதுதான். தடிமனாகப் போர்த்தினால் வேலை சுலபம், வாய்க்குக் கொடுமை. 3 மில்லிமீட்டருக்குள் விரிக்கப் பழகுங்கள். பார்க்க அசல் போலவே இருந்து, ஒரு வாய்க்கு மேல் இறங்காத கேக்கை என்னால் நல்ல கேக் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

நிறம், மினுமினுப்பு, பூ: இங்கேதான் ஆபத்து

இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் மொத்தம் 8. டார்ட்ரஸின், சன்செட் எல்லோ, கார்மோசின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் ப்ளூ, ஃபாஸ்ட் கிரீன். அவற்றுக்கும் அளவு வரம்பு உண்டு. 2024-ல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பெங்களூரில் எடுத்த 235 கேக் மாதிரிகளில் 12, செயற்கை நிறங்களால் பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் போன்ற கேக்குகளின் பெயர்தான் அதில் அடிபட்டது. அடர்சிவப்பும் கறுப்பும் வேண்டும் என்றால் கை தானாக நிறத்தை அதிகம் ஊற்றும். சாக்லேட் ஃபாண்டன்டிலிருந்து கறுப்பைத் தொடங்கினால் கொஞ்ச நிறமே போதும். சிவப்பைக் கலந்து ஒரு நாள் மூடி வைத்தால் தானே அடர்த்தியாகும்.

இன்னும் மோசமானது தங்க, வெள்ளி மினுமினுப்புப் பொடி. டப்பாவில் 'நச்சு இல்லை' என்று எழுதியிருந்தால் அதைச் சாப்பிடலாம் என்று பொருள் இல்லை. அமெரிக்காவில் 2018-ல் ரோட் ஐலண்டிலும் 2019-ல் மிசௌரியிலும் இப்படிப்பட்ட பொடி பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஓரிடத்தில் தாமிரம், இன்னொரு இடத்தில் ஈயம். 'உண்ணத்தக்கது' என்ற சொல்லும், உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லாத டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விலை குறைவு என்பதற்காக ஆன்லைனில் வாங்கும் பொட்டலங்களில் இது மூன்றும் இல்லாதவை ஏராளம்.

நிஜப் பூ வைப்பது இப்போது நாகரிகம். அழகாக இருக்கிறதே என்று அரளியை மட்டும் வைத்துவிடாதீர்கள், அது விஷம். கம்பி கட்டிய பூ எதையும் நேராகக் கேக்கில் செருகாமல், ஸ்ட்ராவுக்குள் வைத்துச் செருகுங்கள்.

எங்கே கற்பது, எவ்வளவு பழகுவது?

சமூக வலைதள வகுப்புகள் தவிர வேறு வழிகளும் உண்டு. ஐ.டி.ஐ.களில் பேக்கர் அண்ட் கன்ஃபெக்ஷனர் என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும், சென்னை கிண்டியில் உள்ள அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் பேக்கரிக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. இவை அடிப்படைக்கு. சிற்ப வேலைக்குத் தனியார் பள்ளிகள்தான், பெங்களூரில் அவை அதிகம். எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு கேக்கை எத்தனை பேர் சேர்ந்து செய்வோம்? உள்கம்பி அமைப்பை என் கையால் செய்ய விடுவீர்களா? கேக்கை நானே சுட வேண்டுமா, சுட்டுத் தருவீர்களா? நாலு பேருக்கு ஒரு கேக் என்றால் நீங்கள் கற்பது வேடிக்கை பார்க்கத்தான்.

மூன்று நாளில் ஒரு கேக்கை முடித்துவிடலாம், உண்மைதான். ஆனால் கை பழக மாதங்கள் ஆகும். அதற்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. வடிவம் பழக களிமண் போதும். போர்த்திப் பழக தெர்மாகோல் உருளை போதும், ஒரே ஃபாண்டன்டைப் பத்து முறை உரித்து விரிக்கலாம். வாரம் ஒரு பொருளை எடுங்கள்: எலுமிச்சை, மண்பானை, பிறகு ஷூ. மனித முகத்துக்குக் கடைசியில் வாருங்கள். எலுமிச்சை கொஞ்சம் கோணினாலும் எலுமிச்சைதான். முகத்தில் மூக்கு ஒரு நூல் தள்ளினால் வேறு ஆள்.

வேலையை விடலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் வடிவில் 2 கிலோ கேக். உதாரணத்துக்குப் பொருள் செலவு 2,000 ரூபாய் என்று வைப்போம். சுட, குளிரவைக்க, செதுக்க, போர்த்த, நிறம் தீட்ட எல்லாமாக 12 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு வெறும் 200 ரூபாய் போட்டாலும் 2,400. மின்சாரம், பெட்டி, கொண்டுபோகும் செலவு சேர்க்காமலே 4,400 ஆகிறது. வாட்ஸ்அப்பில் வரும் கேள்வியோ இதுதான்: "சிஸ்டர், கிலோ எவ்வளவு? எங்க ஏரியா பேக்கரில கிலோ 700தான்." அந்த இடத்தில் கிலோக் கணக்குக்கு இறங்கினால் முடிந்தது. செதுக்கும்போது சீவி எறிவதே கணிசம், சுட்ட எடையும் விற்கும் எடையும் ஒன்றல்ல. வடிவத்துக்கு ஒரு விலை என்று சொல்லிப் பழகுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் போட வேண்டும். தோழிக்கு ஒன்று, ஆபீஸில் இரண்டு என்று ஆரம்பிக்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் கேக் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்குப் பதிவு செய்த பெரிய பேக்கரிகளுக்கு விலையைக் குறைக்க இடம் கிடைத்திருக்கிறது. விலையில் அவர்களோடு போட்டி போட நினைக்காதீர்கள். அவர்கள் செய்யாத வடிவத்தைச் செய்வதுதான் உங்கள் சந்தை. டிசம்பர், பிப்ரவரி, கல்யாண மாதங்களில் ஆர்டர் குவியும், ஆடியில் கல்யாண ஆர்டர் நின்றுபோகும். முழு ஒரு வருஷம் சம்பளத்தோடு சேர்த்துச் செய்து பார்த்துவிட்டு, ஆடி மாதக் கணக்கையும் வைத்துக்கொண்டு ராஜினாமா கடிதத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக, கொண்டுபோய்ச் சேர்ப்பது. மடியில் வைத்தால் கேக் சாயும், உடம்புச் சூடும் இறங்கும். கார் இருக்கையும் சமதளம் இல்லை. பெட்டியைக் காரின் தரையில், அடியில் வழுக்காத விரிப்புப் போட்டு வைத்து, ஏ.சி.யை முன்கூட்டியே ஓடவிட வேண்டும். உயரமான கேக் என்றால் தலையைத் தனியாகக் கொண்டுபோய் மண்டபத்தில் பொருத்துங்கள். கூடவே கொஞ்சம் கனாஷ், எல்லா நிறத்திலும் ஒரு உருண்டை ஃபாண்டன்ட், ஒரு சின்னக் கத்தி எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்களைத் தாண்டிப் போகும் கேக்குக்கு வழியில் ஒரு விரிசலாவது விழும்.