மணலுக்கு அடியில் தொடங்கட்டும் பூங்கா

வேலூரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி. காட்டை ஊடறுத்து ஓடும் சிற்றாறு, மழைக்காலத்தில் மட்டும் கொட்டும் அருவி, 1967-ல் தொடங்கிய 25 ஹெக்டேர் வன உயிரினப் பூங்கா, மான்கள், மயில்கள், மர நிழலில் ஒரு நடை. வேலூர்க்காரர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்வர நினைத்தால் முதலில் வாயில் வரும் பெயர் இதுதான். ஆனால் இந்த மாவட்டங்களின் பெரிய ஆறு அமிர்தி ஆறு கிடையாது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ராணிப்பேட்டை என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகும் பாலாறுதான் பெரிய ஆறு. அதன் கரைக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாரும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில்லை. குப்பை கொட்டவும், மணல் அள்ளவும், ஈமக்கடன் முடிக்கவும் போகிறார்கள். தோல் தொழிலில் உழைக்கும் இந்த ஊர்களுக்குப் பாலாற்றங்கரையில் ஓர் இயற்கைப் பூங்கா வேண்டும், அது நடக்கக்கூடியதுதான் என்பது என் வாதம். ஆனால் அதன் வேலை நடைபாதையிலும் புல்வெளியிலும் தொடங்கக் கூடாது. மணலுக்கு அடியில் தொடங்க வேண்டும்.

காரணம், பாலாறு எப்படிப்பட்ட ஆறு என்பதிலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடிக் கல்பாக்கத்துக்கு அருகே கடலில் சேர்கிறது. ஓடுகிறது என்று சொன்னாலும் ஆண்டின் பெரும்பகுதி மேலே தண்ணீர் தெரியாது. இதை வைத்துச் செத்த ஆறு என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அறிவியல் அப்படிச் சொல்லாது. பாலாறு மணலாறு. பருமணல் ஒரு கன மீட்டர் அளவு நனைந்திருந்தால் அதிலிருந்து ஏறக்குறைய 200 முதல் 300 லிட்டர் தண்ணீரை வடித்தெடுக்கலாம். நீர்மட்டம் ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் வெயில் அதை அனேகமாகத் தொடுவதே இல்லை. திறந்து கிடக்கும் ஏரியில் கோடை முழுக்க ஆவியாகப் போகும் நீர், மணலுக்குள் பத்திரமாகக் கிடந்து, சரிவுக்கு ஏற்ப மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். இதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள்தான் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, இறங்கி வரும் நீரைக் கால்வாயில் திருப்பி, கரையோர வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். ஆற்றில் வெள்ளம் வராத ஆண்டிலும் நெல் விளைந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

அந்த மணலுக்கு இரண்டு கேடுகள் நேர்ந்தன. ஒன்று, மணலையே அள்ளியது. இரண்டாவது, மிஞ்சிய மணலுக்குள் உப்பு இறங்கியது. தோல் கழிவு என்றதும் எல்லாரும் குரோமியத்தைச் சொல்கிறார்கள். அது கொடியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பரவலான சேதத்தைச் செய்தது நம் அடுப்படியில் இருக்கும் அதே சோற்றுப்பு. உரித்த தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பைத் தேய்த்துத்தான் டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, அனுப்புகிறார்கள். தோலின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை உப்பு. ஒரு டன் தோல் வந்து இறங்கினால் அதனோடு 300 கிலோவுக்கும் மேல் உப்பு வந்து இறங்குகிறது. முதல் வேலையே தோலை ஊறவைப்பதுதான் என்பதால் அந்த உப்பில் பெரும்பகுதி முதல் தண்ணீரிலேயே கரைந்துவிடும். உப்பு மட்குவதில்லை, சிதைவதில்லை, எந்த நுண்ணுயிரும் அதைத் தின்பதில்லை. பல பத்தாண்டுகள் இந்தத் தண்ணீர் ஓடைகளிலும் வயல்களிலும் ஆற்றிலும் விடப்பட்டது. கிணறு உவர்த்தது, தென்னை காய்ப்பை நிறுத்தியது, மண் இறுகி ஏர் இறங்காமல் போனது.

குரோமியத்தின் கதை வேறு. ஒருகாலத்தில் இந்தப் பகுதியில் தோலைப் பதமாக்கியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். பதப்படுத்திய, மேல்வேலை முடித்த தோலாகத்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று 1970-களில் அரசு கொள்கையை மாற்றிய பிறகு குரோம் பதனிடல் பெருகியது. டிரம்முக்குள் போன தோல் ஓரிரு நாளில் ‘வெட் புளூ’ என்று இவர்கள் சொல்லும் நீலத் தோலாக வெளியே வந்தது. வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் தோலில் ஏறும்; மீதி தண்ணீரிலேயே நிற்கும். டேனரிக் கழிவில் இருப்பது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது மண் துகளோடு ஒட்டிக்கொண்டு அதிக தூரம் போகாது. ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடுகள் அதில் ஒரு பகுதியை ஆறு இணைதிறன் கொண்டதாக மாற்றக்கூடும். அந்த வடிவம் நீரில் கரையும், நகரும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த கழிவு இந்த வகையைச் சேர்ந்தது. உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் 2006-ல் ராணிப்பேட்டை இடம்பெற அதுவும் ஒரு காரணம்.

இந்த ஆற்றின் துயரத்திலிருந்துதான் இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் தூண்களில் ஒன்று எழுந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளையும் நாட்டின் சட்டமாகவே ஏற்றது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. அதன் பிறகு அமைக்கப்பட்ட ஆணையம் 2001-ல் இழப்பீடு நிர்ணயித்தது. விடுபட்டவர்களுக்குப் பணம் போய்ச் சேரவேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு கூற்றை நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: சேதம் சரிசெய்யப்படும் வரை மாசு செய்தவரின் பொறுப்பு தீராது. அப்படியானால் சேதம் சரியாகிவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வது? யார் அளப்பது, எங்கே அளப்பது? பூங்கா பற்றிய பேச்சு இங்கேதான் பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டுகிறது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன, ஆர்.ஓ. கருவிகள் ஓடுகின்றன, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற விதி இருக்கிறது, இன்னும் ஏன் பழைய கதை என்று தொழில்துறையினர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. இந்த ஏற்பாடுகளுக்கு அவர்கள் பெரும் பணம் செலவிட்டிருக்கிறார்கள். நிலைமை 1990-களைப் போல இல்லை. ஆனால் ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, பிரிக்கிறது. ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் கடும் உப்புநீர். அதைக் காய்ச்சினால் யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிகிறது. ஒரு நல்ல மழையும் ஓட்டைக் கூரையும் போதும், அது மறுபடி ஆற்றுக்குப் போய்விடும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்ததை மறக்க முடியாது. இதற்கெல்லாம் மேல், நிலத்தடிக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நகரங்களின் சாக்கடையும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆற்றங்கரையிலேயே இருக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் மேட்டூரிலிருந்து குழாய் போட்டுக் காவிரித் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இதைவிட வேறு சான்று தேவையில்லை.

செடிகளே உப்பையும் குரோமியத்தையும் உறிஞ்சிவிடும், மரம் நட்டால் போதும் என்றொரு நம்பிக்கையும் உலவுகிறது. உமரி போன்ற உவர்நிலச் செடிகள் உப்பை உடலில் சேர்ப்பது உண்மைதான். அவற்றை அறுத்து அப்புறப்படுத்தினால்தான் அந்த உப்பு நிலத்தைவிட்டுப் போகும். அப்படியே உதிர விட்டால் அதே இடத்துக்கே திரும்பும். மண்ணில் ஒட்டிய குரோமியத்தையோ வேர்கள் மிகக் குறைவாகவே எடுக்கின்றன. மணலாற்றின் உப்பை உண்மையில் கழுவக்கூடியது நல்ல தண்ணீர் ஒன்றுதான்: வெள்ளக் காலத்தில் ஊறி இறங்கும் மழைநீர். அது இறங்க மணல் வேண்டும், இறங்கியபின் புதிய உப்பு சேராதிருக்க வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து வரும் நாகநதிப் படுகையில் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்புகளும் அமைத்தது இந்த வழியில் போன முயற்சிதான். அந்த ஆற்றில் டேனரி உப்பு இல்லாதது அவர்களுக்கு இருந்த வசதி.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதை வெளிநாட்டு ஆறுகள் இரண்டை ஒப்பிட்டால் தெரியும். தென்கொரியத் தலைநகர் சியோலில் மேம்பாலத்தை இடித்துவிட்டு 2005-ல் சங்கியாசன் ஓடையைத் திறந்தார்கள். பார்க்க அழகு, ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பது. ஜெர்மனியின் எம்ஷர் வேறு வழியில் போனது. நிலக்கரிச் சுரங்கங்களும் ஆலைகளும் நிறைந்த ரூர் பகுதியின் திறந்த சாக்கடையாக நூறு ஆண்டுகளுக்கும் மேல் இருந்த ஆறு அது. 1992-ல் வேலையைத் தொடங்கியவர்கள் முதலில் கரையில் பூச்செடி வைக்கவில்லை. 51 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரைக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். 2021 முடிவில் ஆற்றில் சாக்கடை கலப்பது நின்றது. மொத்தச் செலவு ஏறக்குறைய 550 கோடி யூரோ. இன்று சுத்தமான கிளைகளில் மீன்கொத்தி திரும்பியிருக்கிறது, கரையோரம் சைக்கிள் பாதை போகிறது. நமக்கு அவ்வளவு பணம் இல்லை என்பது சரி. எதை முதலில் செய்வது என்ற அறிவுக்குக் காசு தேவையில்லை.

சரி, வறண்ட மணலில் என்ன வன உயிர் இருக்கப் போகிறது? இந்தக் கேள்வி கேட்பவர்கள் ஏப்ரல் மாதத்தில் ஓர் ஆட்காட்டிக் குருவியின் கூட்டைப் பார்க்க வேண்டும். கூடு என்று சொல்ல அங்கே எதுவும் இருக்காது. பரல்கற்களுக்கு நடுவே கையளவு குழி, அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், கற்களின் நிறத்திலேயே கரும்புள்ளியோடு. இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தப்பும். வெயில் ஏறியதும் தாய் எங்காவது தண்ணீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்து குளிர்விக்கும். ஆகவே அதற்கு வெட்ட வெளியும் வேண்டும், பறந்து எட்டும் தூரத்தில் ஒரு ஊற்றும் வேண்டும். பச்சைப் பஞ்சுருட்டான் ஆற்றின் மணல் திட்டில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாக வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். திட்டை வெட்டி லாரியில் ஏற்றினால் அதன் வீடும் ஏறிப் போகிறது. கண்கிலேடி, உப்புக்கொத்தி, வானம்பாடி எல்லாம் திறந்த மணலையும் பரலையும் நம்பியவை. புல்வெளி விரித்து, கான்கிரீட் கரை கட்டி, நீரூற்று வைத்துப் பூங்கா அமைத்தால் இவை ஒன்றும் தங்காது.

பூங்காவுக்கு இலக்கணம் இங்கிருந்து வரட்டும். ஆற்றின் நடுவே மணல் மணலாகவே கிடக்க வேண்டும். ஓரத்தில் நாணலும் கோரையும் நொச்சியும், கரைமேல் நீர்மருதும் புங்கனும் நாவலும், அதற்கு அப்பால் மேட்டில் பனையும் ஆவாரையும். ஒருகாலத்தில் தோல் தொழிலைத் தாங்கிய ஆவாரைக்கு அங்கே இடம் இல்லாவிட்டால் எப்படி? மரம் நடுவதற்கு முன் சீமைக்கருவேலத்தை எடுத்தாக வேண்டும். வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்தே அது துளிர்க்கும். ஜோத்பூரின் ராவ் ஜோதா பாலைப் பூங்காவில் 2006-லிருந்து பாறையில் பிடித்த வேரையே உளி கொண்டு பெயர்த்தெடுத்து, அந்த மண்ணுக்குரிய செடிகளை மட்டும் வளர்த்தார்கள். சென்னையில் 58 ஏக்கரில் அமைந்த தொல்காப்பியப் பூங்கா குப்பை மேடாகக் கிடந்த அடையாறு முகத்துவாரத்தை மீட்டு 2011-ல் திறக்கப்பட்டது. நம் ஊரில் முடியாது என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

வெள்ளம் வந்தால் எல்லாம் போய்விடுமே என்பார்கள். வரத்தான் செய்யும். 1903-ல் வாணியம்பாடியில் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோன அதே ஆறு, 2021 நவம்பரில் பாலாற்று அணைக்கட்டில் விநாடிக்கு 1 லட்சம் கன அடியைத் தாண்டிப் போனது. அதனால்தான் ஆற்றுக்குள் கட்டடம் எதுவும் வேண்டாம் என்கிறேன். பாதை கரைமேல் மண்பாதையாக இருந்தால் வெள்ளம் அழித்ததை அடுத்த மாதமே சீர் செய்துவிடலாம். ஆற்றுக்கு வெள்ளம் சேதம் கிடையாது. உப்பைக் கழுவி மணலைக் கொண்டுவருவது அதுதான்.

கடைசியாக ஒரு கேள்வி. இழப்பீடே முழுதாகக் கைக்கு வராத உழவர் இருக்கும்போது, பூங்காவுக்குப் பணமா? இழப்பீடுதான் முதலில், அதில் விட்டுக்கொடுக்க ஏதுமில்லை. ஆனால் காலணி ஆலைகளிலும் டேனரிகளிலும் பகல் முழுக்க வேலை செய்யும் பெண்களும் ஆண்களும் வாழும் நெருக்கமான தெருக்கள் இந்த ஆற்றை ஒட்டியே இருக்கின்றன. அவர்கள் நடக்க ஒரு திறந்த இடம் கேட்பது ஆடம்பரம் ஆகாது. தொழில் நிற்க வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஆறும் தொழிலும் சேர்ந்து வாழ வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை ஆட்சியர்கள் மூவரின் கையிலும் ஆளுக்கொரு துண்டாக இருக்கிறது இந்த ஆறு. அவர்கள் கூடி ஒரே திட்டமாக வகுத்து, மரக்கன்று நடும் விழாவுக்கு முன்னால் ஒரு வேலை செய்யட்டும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கரையோரமாக வரிசையாய்க் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, ஒவ்வொரு கிணற்றருகிலும் ஒரு பலகை நட்டு, அந்த வாரத்தின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் குரோமியத்தின் அளவையும் தமிழில் எழுதி வைக்கட்டும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாத இடத்திலும் 2,000-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த இரண்டு எண்களையும் அதே பலகையின் மேல் வரியில் எழுதிவிட்டால், ஆறு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் படித்துச் சொல்லும்.