தைராய்டு: யாருக்கு, எந்தச் சோதனை?

ஷிப்ட் அலுப்பு என்று ஒதுக்க வேண்டாம்

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதிகளில் மின்னணு சாதனங்களைப் பொருத்தும் கைகளில் பெரும்பாலானவை இளம்பெண்களுடையவை. அவர்களுக்குச் சோர்வு, முடி கொட்டுதல், மலச்சிக்கல், மாதவிடாய்க் கோளாறு என எது வந்தாலும் நைட் ஷிப்ட், ஹாஸ்டல் சாப்பாடு என்று காரணம் சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தைராய்டு சுரப்புக் குறைவும் இதே அறிகுறிகளோடுதான் வரும். 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை என்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது மத்திய அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான், ஆனால் இந்த நோய் நாற்பது வரை காத்திருப்பதில்லை.

ஐந்தில் ஒருவர்

நோய் எதிர்ப்பு ஆற்றல் தவறுதலாகத் தன் தைராய்டு சுரப்பியையே தாக்குவதுதான் ஹஷிமோட்டோ நோய். 1912இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ இதை விவரித்தார். அயோடின் உப்பு பரவலாகக் கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்கு இதுவே முதன்மைக் காரணம். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் சுமார் 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது, ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருள் இருந்தவர்களோ ஏறக்குறைய 22 சதவீதம். இதைப் படித்ததும் எல்லாருக்கும் ஆன்டி டி.பி.ஓ. பார்த்துவிடலாமே என்று தோன்றும். நான் வேண்டாம் என்பேன். சுரப்பு சரியாக இருக்கும்போது எதிர்ப்பொருளுக்கு மட்டும் தருவதற்கு மருந்து இல்லை. ஐந்தில் ஒரு பெண்ணுக்கு வீண் பயம்தான் மிஞ்சும், வரன் பார்க்கும் வயதில் அது சின்ன விஷயமும் அல்ல. முதலில் பார்க்க வேண்டியது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அது கூடியிருந்தால் அடுத்து எதிர்ப்பொருள். இங்கிலாந்தின் விக்காம் பகுதி மக்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், டி.எஸ்.எச். கூடி எதிர்ப்பொருளும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதத்தினர் தைராய்டு குறைவுக்கு ஆளானார்கள். எதிர்ப்பொருள் மட்டும் இருந்தவர்களில் அதில் பாதிதான். யாரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதை இந்த வரிசை காட்டிவிடுகிறது.

மறுப்பும் பதிலும்

அறிகுறி இல்லாதவர்களைச் சோதிப்பதால் பயன் உண்டு என்று சொல்லப் போதிய சான்று இல்லை என 2015இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு கூறியது. அதை மதிக்க வேண்டும். எல்லாத் தொழிலாளர்களுக்கும் கண்மூடித்தனமாகச் சோதனை வேண்டாம் என்பதற்கு அதுவே காரணம். ஆனால் அக்குழு பேசியது அறிகுறியற்றவர்களையும் கர்ப்பிணி அல்லாதவர்களையும் பற்றி. அறிகுறி உள்ளவர்கள், குடும்பத்தில் தைராய்டு நோய் உள்ளவர்கள், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஆகியோரின் நிலை வேறு. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கரு தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. தாய்க்கு அது குறைந்தால் சரிசெய்ய லெவோதைராக்ஸின் மாத்திரை இருக்கிறது.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. டி.எஸ்.எச். இரவில் கூடும், பகலில் குறையும். தூக்கம் கெட்டாலும் ஏறும். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு கொடுத்த ரத்தத்தில் அளவு சற்றுக் கூடியிருந்தால், அதை வைத்தே வாழ்நாள் மாத்திரையைத் தொடங்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, நன்றாகத் தூங்கிய ஒரு நாளில், தைராய்டு ஹார்மோனான டி4 அளவோடு சேர்த்து மறுபடி பார்க்க வேண்டும். தொழிலாளர்களுக்கு மருத்துவ முகாம் நடத்தும் நிறுவனங்கள் ஷிப்ட் விவரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். முடிவைச் சூப்பர்வைசரிடம் அல்ல, தொழிலாளியின் கையில் கொடுக்கட்டும். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் இ.எஸ்.ஐ. உறுப்பினர்கள் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே தொடர் சிகிச்சை பெறலாம். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அடுத்த முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள், இ.எஸ்.ஐ. அட்டையோடு போய் மருத்துவரிடம் டி.எஸ்.எச். பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.