சில்லுகளின்மேல் இல்லறம்

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனக்கண்முன் வருவன கிணறும் வேலியும் முற்றத்து மாமரமுமாம். அசையாச் சொத்து என்று சட்டம் அதற்கிட்ட பெயரும் அக்கருத்தையே வலியுறுத்தும். ஆனால், அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அசையும் சொத்தொன்றையே வீடாகக் கொண்டு, ஆண்டின் பன்னிரண்டு திங்களும் அதனுள்ளேயே உண்டு உறங்கி வாழும் குடும்பங்கள் பல உள. அவற்றுட் சில ஈராண்டு முடியுமுன்னரே அவ்வாழ்க்கையைத் துறந்து மீண்டும் நிலத்தில் வீடு தேடுகின்றன. வேறு சில, இருபது ஆண்டு கடந்தும் அதனை விடுவதில்லை. விடுவோர் ஏன் விடுகின்றனர், தொடர்வோர் ஏன் தொடர்கின்றனர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வண்டியை அந்நாட்டார் ஆர். வி. என்று சுருங்கச் சொல்வர். உல்லாசப் பயண வண்டி என்பது அதன் பொருள். தானே இயந்திரம் பூண்டு ஓடுவது ஒரு வகை. அது மோட்டர் ஹோம் எனப்படும். வேறொரு வண்டியின் பின்னே கொளுவி இழுக்கப்படுவது மற்றொரு வகை, அது ட்ரெயிலர். பெரிய வண்டி 40 அடி நீளமும் எட்டரை அடி அகலமும் உடையது. வகுப்பறை ஒன்றினுஞ் சிறிய அவ்விடத்துள் கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளிக்கும் அறை, மலசலகூடம் அனைத்தும் அடங்கிவிடும்.

புதியதொரு மோகம் இது என எண்ணவேண்டா. 1910ஆம் ஆண்டிலேயே பியர்ஸ் ஆரோ என்னும் கம்பனி, படுக்கையும் கைகழுவுந் தொட்டியும் பொருத்திய மோட்டார் வண்டியொன்றை நியூயோர்க்கிற் காட்சிக்கு வைத்தது. 1919இல் புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரிலே கூடிய பயணிகள், தகரப் பேணி உணவை உண்டு திரிந்தமையால், தமது சங்கத்துக்குத் தகரப்பேணிப் பயணிகள் என்றே பெயரிட்டனர். ஜோன் ஸ்ரைன்பெக் என்னும் நாவலாசிரியர் 1960இல், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், சார்ளி என்ற நாயொன்றையே துணையாகக் கொண்டு இத்தகைய வண்டியில் நாட்டைச் சுற்றி வந்தார். 1962இல் வெளிவந்த அவரது நூலிலே எமது கருத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. வீடு போய்ச் சேர்வதற்கு நெடுந்தொலை இருக்கையில், வேர்ஜீனியா மாநிலத்து அபிங்டன் என்னும் ஊரருகே, அவருடைய பயணம் உள்ளத்தளவில் முடிந்துவிட்டதாம். அதன்பின் வீதியும் மரமும் ஊரும் அவர் கண்ணிற் படவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கையிலேயே பயணம் முடிந்துவிடும் அந்த நிலையை, ஆண்டுக்கணக்காக வண்டியில் வாழ்வோருட் பலரும் ஒருநாள் எய்துகின்றனர்.

கொரோனாத் தொற்றுக் காலத்தில் இவ்வண்டிகளுக்கு என்றுமில்லாக் கிராக்கி உண்டாயிற்று. 2021ஆம் ஆண்டில் மாத்திரம் 6 இலட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. அவற்றுட் பெரும்பாலன இந்தியானா மாநிலத்து எல்க்ஹாட் நகரையும் அதன் அயலையுஞ் சார்ந்த தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டவை. 2023இல் அத்தொகை ஏறக்குறைய அரைவாசியாக வீழ்ந்தது. வாங்கியோரெல்லாம் வண்டியிலே குடியேறினர் என்பதற்கில்லை. பெரும்பாலார் விடுமுறைக்கு மட்டும் எடுத்து ஓட்டுவோரே. எனினும் வீட்டை விற்று, தளபாடங்களை உறவினர்க்குப் பகிர்ந்தளித்து, வண்டியே கதி என்று புறப்பட்டவருஞ் சிலர் அல்லர்.

அப்படிப் புறப்பட்டவர் குடியேறுவது வீடா, அன்றா? சட்டமே இதில் ஒருமுகமாக இல்லை. படுக்கவும் சமைக்கவும் மலசலங் கழிக்கவும் வசதியிருந்தால் அதனை வீடென ஏற்று, அதன்மேற் பட்ட கடனின் வட்டிக்கு வரிச்சலுகை வழங்குகின்றது வருமான வரித் திணைக்களம். வீடமைப்புத் திணைக்களமோ, 2018இல் வெளியிட்ட விதியிலே, இவ்வண்டி உல்லாசத்திற்காக மட்டும் அமைந்தது, நிரந்தர வதிவிடம் அன்று என வரையறுத்தது. உற்பத்தியாளர் பலர் இரண்டாவது கட்சியினர். வண்டியில் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கு உத்தரவாதம் செல்லாது என்று பத்திரத்தின் ஒரு மூலையில் எழுதிவிடுவர். இது வெறும் சொற்சண்டை அன்று. ஆண்டிற் சில வாரப் பாவனையை எண்ணிச் செய்த மெல்லிய மரச்சட்டமும் கூரைப் பொருத்தும் ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் வீதியின் அதிர்ச்சியையும் தாங்கவேண்டியிருக்கின்றன. கூரைப் பொருத்தில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று விழுந்தாலும் மழைநீர் உட்புகுந்து, சுவர் உளுத்த பின்னரே கண்ணுக்குப் புலப்படும்.

முதலாம் ஆண்டு ஒரு கல்வி என்றே சொல்லவேண்டும். நீரின் அருமையை அங்கேதான் கற்கின்றனர். வண்டியின் அடியிலே மூன்று தாங்கிகள் உள: நல்ல நீருக்கு ஒன்று, குளித்த நீரும் கழுவிய நீரும் சேர்வதற்கு மற்றொன்று, மலசலத்துக்கு மூன்றாவது. ஒவ்வொன்றும் 150 லீற்றர் அளவினதாயின், இருவர் தாராளமாகக் குளிக்கும் வழக்கத்தை விட்டேயாகவேண்டும். தாங்கி நிறைந்ததும் அதற்கென அமைந்த நிலையத்துக்குச் சென்று, கையுறை அணிந்து, குழாய் பொருத்தி, முதலில் மலத்தாங்கியையும் பின்னரே கழுவுநீர்த் தாங்கியையும் திறக்கவேண்டும். பின்னது பாயும்போது குழாயையும் அலம்பிவிடும் என்பது இம்முறையின் நுட்பம். மாறித் திறந்தவர் மறுமுறை மறவார். உத்தியோகத்தில் உயர்ந்த பதவி வகித்த கனவான்களும் இவ்வேலையைத் தாமே செய்தாக வேண்டியிருப்பது, எம் போன்றோர்க்குச் சற்று மகிழ்ச்சி தருஞ் செய்தியே.

திருத்த வேலைதான் பெருந்துன்பம். நம் வீட்டிற் கூரை ஒழுகினால் தச்சர் வருவார். நாம் மறு அறையில் இருப்போம். அங்கே இயந்திரமோ குளிர்ப்பெட்டியோ பழுதுபட்டால், வீடே கராச்சுக்குச் சென்றுவிடுகின்றது. உதிரிப்பாகம் வரச் சில வாரங்கள் செல்லும். அதுவரை குடும்பத்தார் விடுதியில் அறையெடுத்து, வண்டியின் கடன் தவணையையும் விடுதியின் வாடகையையும் ஒருங்கே செலுத்துவர். பெரிய வண்டிகள் ஒரு கலன் எரிபொருளுக்கு 6 முதல் 10 மைல்வரையே ஓடும். சிக்கனத்தை நாடிப் புறப்பட்டவர் பலர் கணக்கேட்டைப் பார்த்துத் திரும்பியதற்குக் காரணம் இவையே.

பிள்ளைகளுள்ள குடும்பங்கள் திரும்புவதற்குக் காரணம் வேறு. பாடங்களை வண்டியிலேயே கற்பிக்கலாம். சட்டமும் அதற்கு இடமளிக்கின்றது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தோழரைத் தேடத் தொடங்கும்போதுதான் பெற்றோர் தோற்றுப்போகின்றனர். இரண்டு கிழமைக்கொரு நண்பனைப் பெற்று, இரண்டு கிழமைக்கொரு நண்பனை இழப்பதைச் சிறுவர் நெடுங்காலம் பொறுப்பதில்லை. கணினியின் மூலம் வண்டியிலிருந்தே தொழில் பார்த்த இளைஞர் சிலரையோ, கந்தோருக்கு வருக என்ற முதலாளியின் கட்டளையே நகரத்துக்கு மீட்டுவிட்டது.

இனித் தொடர்வோரைக் காண்போம். கோடையில் வடக்கும் மாரியில் தெற்குமாகப் பறவைபோல் இடம் பெயர்வதில் அவர்கள் காணும் இன்பம் பொய்யன்று. அரிஸோனாப் பாலைவனத்திலுள்ள குவாட்ஸைற் என்னும் சிற்றூரில் நிரந்தரவாசிகள் சில ஆயிரவரே. மாரிகாலத்திலோ அங்கு வந்து செல்வோர் இலட்சக்கணக்கினர். அரசாங்கக் காணிகளிற் பொதுவாக 14 நாட்களுக்குமேல் ஓரிடத்திற் தங்கலாகாது. ஆயினும் அவ்வூரருகே, 1983ஆம் ஆண்டு முதல், செப்ரெம்பர் 15 தொடக்கம் ஏப்ரில் 15 வரை சிறு கட்டணத்துக்கு நெடுநாட் தங்குவதற்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் அதே அயலவரை அதே மணலிற் சந்திக்கும் இவர்கள் ஊரற்றவர் அல்லர். அவர்களது ஊர் ஆண்டில் ஏழு மாதமே நிலவுகின்றது, அவ்வளவே.

ஆனால், தொடர்வோர் யாவரும் விருப்பினாற் தொடர்வோர் அல்லர். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர், உபகாரச் சம்பளம் வாடகைக்குப் போதாமையால் வண்டிக்குட் புகுந்தனர். ஜெசிக்கா புருடர் என்னும் பத்திரிகையாளர் 2017இல் எழுதிய நோமாட்லாண்ட் என்னும் நூல் இவர்களைப் பற்றியதே. அதனைத் தழுவிய படம் 2021இல் ஒஸ்கார் பரிசையும் பெற்றது. அறுபதும் எழுபதும் கடந்த அவர்கள், கார்த்திகை மார்கழியிற் பண்டகசாலைகளிற் பொதி கட்டினர். ஐப்பசியில், வடக்கேயுள்ள சீனிக்கிழங்கு அறுவடையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வேலைசெய்தனர். கலிபோர்னியாவிலோ, செல்வம் மிக்க கணினித் தொழில் நகரங்களின் வீதியோரத்திலேயே பழைய வண்டிகள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் வாழ்வோர் பகலில் அந்நகரங்களில் உழைப்பவர்; இரவில் வாடகைக்கு வழியற்றவர்.

விரும்பித் தொடர்பவரும் வழியின்றித் தொடர்பவரும் ஒரே வகை வண்டியில், ஒரே மரநிழலில் நிற்பர். வழிப்போக்கன் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நாம் கருதுவது, வேறுபாடு திரும்பும் வழியில் உள்ளது என்பதே. வண்டி வாங்கிய நாள்தொட்டு விலை குறைந்துகொண்டே போவது. வீடோ பெரும்பாலும் விலை ஏறுவது. 2020இல் வீட்டை விற்றுப் புறப்பட்டவர் ஈராண்டின்பின் திரும்பியபோது, வீட்டு விலைகள் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக உயர்ந்திருந்தன. நூற்றுக்கு 3 அளவில் இருந்த வீட்டுக்கடன் வட்டியும் 2022இன் இறுதியில் 7ஐ எட்டியிருந்தது. சிறு வீடொன்றையேனும் வாடகைக்கு விட்டுச் சென்றவர், சலித்தபோது சாவியைத் திருப்பினர். விற்றுச் சென்றவரிற் சிலர் சலித்த பின்னரும் ஓட்டிக்கொண்டிருக்கின்றனர்.

பணம் உள்ளவரையும் இறுதியில் நிறுத்துவது உடம்பு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரின் அரசாங்க மருத்துவக் காப்புறுதி எம்மாநிலத்திலும் செல்லும். அவ்வயதுக்குக் குறைந்தோரின் தனியார் காப்புறுதி பெரும்பாலும் சொந்த மாநிலத்து வைத்தியசாலைகளையே சாரும். எவ்வாறாயினும், கிழமைதோறும் சிகிச்சை பெறவேண்டிய நோயாளி கிழமைதோறும் ஊர் மாற இயலாது. நாற்பதடி வண்டியைக் கணவனே ஓட்டிவந்த குடும்பத்தில் அவன் பார்வை மங்கினால், மனைவி அவ்வயதிற் சாரத்தியம் பயிலவேண்டும். அன்றேல் வண்டி நின்ற இடத்திலேயே விற்கப்படும். இதற்கென்றே பெண்களுக்குச் சாரத்தியம் பழக்கும் வகுப்புக்களைச் சங்கங்கள் சில நடத்துகின்றன.

ஜோ பீற்றர்சன், கே பீற்றர்சன் என்னுந் தம்பதியர் 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்னும் சங்கம் இத்துறையில் ஒருபடி மேற்சென்றது. ரெக்ஸாஸ் மாநிலத்து லிவிங்ஸ்ரன் என்னும் ஊரிலுள்ள அதன் நிலையமே வீடற்ற உறுப்பினர்க்கு விலாசம். கடிதங்கள் அங்கு வந்து சேரும். உறுப்பினர் இருக்கும் ஊர் அறிந்து அவை அனுப்பப்படும். அவ்வூரிலேயே, ஓட்ட இயலாத நிலையடைந்தோர்க்கென ஒரு பராமரிப்பு இல்லமும் உண்டு. ஆங்கு முதியோரை வண்டியை விட்டு இறக்குவதில்லை. வண்டியை மின்சாரத்துடனும் நீர்க்குழாயுடனும் பொருத்தி நிறுத்திவிட்டு, அவர்கள் அதனுள்ளேயே வாழ்கின்றனர். சமைத்த உணவு கிடைக்கின்றது. வைத்தியரிடம் அழைத்துச்செல்ல ஆளும் உண்டு. பல்லாண்டு காலம் லிவிங்ஸ்ரனிலிருந்து புறப்பட்டு ஊரூராய்த் தம்மைத் தேடி அலைந்த கடிதங்களை, இப்பொழுது அவர்கள் அவ்வூரிலேயே இருந்து வாங்கிக்கொள்கின்றனர்.