மண்டைக்குள் புகும் வெளிச்சம்

வள்ளூரில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவது உசிதமல்ல. எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அவற்றின் இடுக்கில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து புறப்படும். கீழே விழுந்தவன் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "ஒன்றுமில்லை, ஸார்!" என்று வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. அந்த 'ஒன்றுமில்லை'யில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது.

மண்டையோட்டுக்கும் மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் நடுவே ரத்தக் குழாய் அறுந்தால், சில சமயம் ஆள் நன்றாகவே பேசுவான், நடப்பான், காப்பிகூடக் குடிப்பான். உள்ளேயோ ரத்தம் கசிந்து உறைந்து மூளையை நெருக்கிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் நினைவு தப்பும். ஸி.டி. ஸ்கேன் எடுத்தால் திட்டமாகத் தெரிந்துவிடும். ஆனால் அந்த யந்திரம் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அடிபட்டவன் சாலையோரத்தில் கிடக்கிறான்.

இந்த இடைவெளிக்கென்றே ஒரு கைக் கருவி வந்திருக்கிறது. இருட்டில் டார்ச் விளக்கின் முகத்தை விரல்களால் மூடிப் பாருங்கள். விரல்கள் செக்கச்செவேலென்று தெரியும். மற்ற நிறங்களைச் சதை தடுத்துவிட, சிவப்பு மட்டும் இந்தப் பக்கம் வந்து சேருகிறது. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குப் புலப்படாத ஒளி ஒன்று உண்டென்று 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் தெர்மாமீட்டரைக் கொண்டு கண்டுபிடித்தார். அதில் சிவப்பை ஒட்டிய பகுதி மண்டை எலும்பையும் கடந்து மூளையின் மேற்புறம்வரை சென்று, சிதறித் திரும்பும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை விழுங்கும். ஆகவே தலையின் இடப்புறத்தில் ஓரிடத்திலும், வலப்புறத்தில் அதற்கு நேரான இடத்திலும் ஒளியைச் செலுத்தித் திரும்பி வருவதை அளந்தால், குறைவாக வரும் பக்கத்தில் ரத்தம் தேங்கியிருக்கிறதென்று சந்தேகிக்கலாம். நெற்றி, பொட்டு, உச்சியின் பக்கங்கள், பிடரி என நான்கு ஜோடி இடங்களில் பார்ப்பது வழக்கம்.

1993-ல் ஹூஸ்டன் நகரத்து டாக்டர் சங்கர் கோபிநாத்தும் சகாக்களும், பிரிட்டன் சான்ஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, இம்முறையால் ரத்தக் கட்டிகளைக் கண்டறிந்ததை வெளியிட்டார்கள். 'இன்ஃப்ராஸ்கேனர்' என்ற கருவி 2011-ல் அமெரிக்க சர்க்காரின் அனுமதி பெற்றது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆமதாபாத்திலுள்ள பயோஸ்கேன் ரிசர்ச் ஸ்தாபனம் 'செரிபோ' என்ற கருவியை உருவாக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும், போபால் எய்ம்ஸும், பெங்களூர் நிம்ஹான்ஸும் அம்முயற்சியில் பங்குகொண்டன. ஒரு நிமிஷத்துக்குள் விடை கிடைக்கும் என்று 2025-ல் அறிவித்தார்கள்.

சுதேசிக் கருவி என்பதற்காக அதன் குறையை மறைக்க வேண்டியதில்லை. மிகச் சிறிய கசிவும் ஆழத்திலுள்ள கசிவும் இவ்வகைக் கருவிகளின் கண்ணுக்குத் தப்பிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கசிந்தால், ஒப்பிட்டுப் பார்க்கும் உபாயமே ஏமாந்து போகும். நம்மவர்களின் அடர்ந்த கறுத்த கேசமும் ஒளிக்கு ஓர் இடைஞ்சல்தான். ஆகவே கருவி 'இல்லை' என்றதை மட்டும் நம்பி ஒருவனை வீட்டுக்கு அனுப்புவது தகாது. 'இருக்கலாம்' என்று அது சொல்வதே நமக்குப் பெரிய உதவி. ஸ்கேனும் மூளை அறுவை டாக்டரும் உள்ள இடத்துக்கு நேரே போய்விடலாம். ஒரே விபத்தில் நாலு பேர் அடிபட்டு வந்தால், யாரை முதலில் ஸ்கேனுக்கு அனுப்புவது என்றும் தெரியும்.

கருவி கையில் இல்லாத ஊர்களில் நம் கண்கள்தான் கருவி. திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, எழுப்பினாலும் விலகாத தூக்கம், பேச்சில் குழறல், ஒரு கண்மணி மட்டும் விரிந்திருத்தல் — இவற்றில் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். செலவை எண்ணித் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2021 டிசம்பரில் தமிழக சர்க்கார் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு, அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், குறிப்பிட்ட தொகை வரையில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.