தொங்குபடுக்கைக்கு ஏற்ற கொசுவலை

வனங்களில் இராத்தங்குவோர் கூடாரம் அடித்துத் தரையிலே படுப்பதுதான் நெடுங்கால வழக்கமாயினும், கல்லும் வேரும் மண்டிச் சமதளமே அகப்படாத மலைச்சரிவுகளில், இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி அதில் உறங்கும் ஹேமக் என்னும் தொங்குபடுக்கையே உத்தமம் என்று கருதுவோர் அமெரிக்காவில் பலர் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெயின் மாநிலத்தின் கடாடின் சிகரம் வரை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதையில் இத்தகைய படுக்கைகளைச் சர்வ சாதாரணமாகக் காணலாம். நம் வீட்டுத் தூளியைப் பெரிதாக்கினாற்போன்ற இப்படுக்கை முதுகுக்குச் சுகமளிப்பது உண்மையே; ஆனால் கொசு விஷயத்தில் இதற்கென்றே பிரத்தியேகமான ஒரு சங்கடம் இருக்கிறது.

தரையில் படுப்பவனுக்கு அடிப்புறத்தில் பூமியே காவல். தொங்குகிறவனுக்கோ ஒற்றை நைலான் துணிதான் உண்டு. அதுவும் உடற்பாரத்தால் விறைத்து முதுகோடு ஒட்டிக் கிடப்பதால், பெண் கொசு கீழிருந்தே தன் ஊசியை இழைகளின் ஊடே செலுத்தி வேண்டிய மட்டும் இரத்தத்தை உறிஞ்சிவிட்டுப் போகிறது. ஆகையால் வலைகளை ஒப்பிடப் புகும்போது, மேலே எவ்வளவு நேர்த்தியாக மூடுகிறது என்பதைவிட, கீழே என்ன செய்கிறது, ஆள் எந்த வழியாக உள்ளே போகிறான் என்ற இரண்டு கேள்விகளே பிரதானம் என்பது என் அபிப்பிராயம்.

வலைக்கண்ணின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதுர அங்குலத்திற்கு 156 கண்கள் என்பது கொசுவலைக்கு நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. அது கொசுவைத் தடுக்கும். ஓரிரு மில்லிமீட்டரே நீளமுள்ள கடிப்பூச்சிகள் அதனூடே தாராளமாக நுழையுமாதலால், வனயாத்திரை வலைகளை மிக நுண்ணிய கண்களுடன் நெய்கிறார்கள்; அதற்கு விலையாக ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் காற்றோட்டம் சற்றே குறையும். மெயின் மாநிலத்தில் மே, ஜூன் மாதங்களில் பிராணனை வாங்கும் கருப்பு ஈக்களோ பகலில் கடித்து இரவில் ஓய்ந்துவிடுபவை. அவற்றுக்கு நடக்கும்போது அணியும் தலைவலைதான் பரிகாரமேயன்றிப் படுக்கைவலை அன்று.

வலையைப் படுக்கையோடு சேர்த்தே தைத்துவிடுவது ஒரு முறை. கனடாவின் ஹென்னெஸி நிறுவனம் பெயர் பெற்றதே இவ்வகையால்தான். அதன் பழைய மாதிரியில் வாயில் அடிப்புறத்திலே அமைந்திருக்கிறது: படுக்கையின் கீழ்ப்பிளவு வழியாகத் தலையையும் உடலையும் நுழைத்து உட்கார்ந்து, பின்னர்க் கால்களை மேலே இழுத்துக்கொண்டு மல்லாந்தால், உடற்பாரத்தின் இழுவிசையே அப்பிளவின் இரு விளிம்புகளையும் நெருக்கி மூடிவிடுகிறது; வெல்க்ரோ பட்டி அதை உறுதிப்படுத்துகிறது. யுக்தி அபாரமானதுதான். வார்பானெட் பிளாக்பேர்ட் முதலியவற்றில் பக்கவாட்டு ஜிப் இருப்பதால், ஏறி இறங்க இந்த வித்தையெல்லாம் தேவையில்லை. எனினும் இரண்டிலும் முதுகுப்புறம் வலைக்கு வெளியேதான் இருக்கிறது. இரட்டைத் துணியாலான படுக்கையை வாங்குவது, அடியில் குளிர்காப்பு மெத்தையைத் தொங்கவிடுவது, துணியின் வெளிப்புறத்தில் பெர்மெத்ரின் மருந்தைத் தெளித்து நன்கு உலர்த்திக்கொள்வது ஆகியன இதற்கு உபாயங்கள். அம்மருந்து மீன்களுக்கும் பூனைகளுக்கும் விஷமாதலால், ஓடைக்கரையில் வைத்துத் தெளிப்பது தகாது.

படுக்கை முழுவதையும் உறைபோல் உள்ளடக்கிக்கொள்ளும் தனிவலை இரண்டாவது வகை. முதுகையும் பாதுகாப்பதால் மேற்சொன்ன குறை இதற்கு இல்லை. ஈனோ நிறுவனத்தின் கார்டியன் போன்ற வலைகளின் எடை அரைக் கிலோவை நெருங்குவதுதான், மூட்டையைக் கிராம் கிராமாக நிறுத்துப் பார்க்கும் நெடும்பயணிகளுக்குச் சகிக்கவில்லை. இவ்வகையிலேயே சில வலைகள் ஜிப்பை அறவே விட்டொழித்து, அடியில் ஒரு சுருக்குக் கயிற்றை மட்டும் வைத்திருக்கின்றன. கீழே குனிந்து உள்ளே நிமிர்ந்து, கயிற்றை இழுத்துவிட்டுப் படுக்கவேண்டியதுதான். கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை என்பதால் எனக்கு இதன்மேல் பட்சபாதம் உண்டு.

மூன்றாவதான அரைவலை தலையையும் மார்பையும் மட்டுமே மூடும். எடை ஏறத்தாழ 100 கிராம். கால்களைப் போர்வை காக்கவேண்டும். புழுக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுகிற சுபாவமுள்ளவர்களுக்கு இது உதவாது.

எந்த வலையானாலும் முகத்தில் படியுமானால் பயனில்லை. தோலைத் தொடும் வலையின் ஊடே கொசு கடித்துவிடும். படுக்கையின் நீளத்தில் சுமார் 83 சதவீதம் அளந்து, அதாவது 335 சென்டிமீட்டர் படுக்கைக்கு 278 சென்டிமீட்டர், ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு மேலே கயிறு கட்டி, அதன்மேல் வலையைத் தாங்கவிடுவது வழக்கம்.

மார்ச்சில் ஜார்ஜியாவிலிருந்து புறப்படும் யாத்திரிகனுக்குக் குளிர்நாட்களில் அரைவலையே மிகுதி. வெயில் ஏறியபின் அவன் முழு உறைக்கு மாறிக்கொள்ளலாம். கோடையில் மட்டும் காடு புகுகிறவர்கள் தைத்த வலையை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒரே ஒரு வலைதான் வாங்கமுடியும் என்றால், எடையைப் பாராட்டாமல் அடிப்புறமும் மூடுகிற முழு உறையையே வாங்குங்கள்.