தொடை எலும்பு வலி: எது சாதாரணம், எது ஆபத்து?

உடம்பிலேயே நீளமான, வலுவான எலும்பு தொடை எலும்புதான். ஆளின் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அது. ஆனால் 'எலும்பே வலிக்கிறது' என்று வருகிற பலருக்கும் கோளாறு எலும்பில் இருப்பதில்லை. தசைப்பிடிப்பு என்றால் அமுக்கினால் வலிக்கும். சில நாள் ஓய்வில் குறைந்துவிடும். பெல்ட்டை இறுக்கிக் கட்டுபவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கம் எரிந்து மரத்துப்போகும். அது நரம்பு நசுங்குவதால் வருவது.

அதிகம் ஏமாற்றுவது இடுப்பு மூட்டு. அங்கே பழுது இருந்தாலும் வலி தொடை வழியாக முழங்கால்வரை இறங்கும், இரண்டு மூட்டுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால். முழங்காலை எக்ஸ்ரே எடுத்து, 'ஒன்றுமில்லை' என்ற பதிலோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு.

தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் மெல்லியவை. நெடுநாள் ஸ்டீராய்டு மருந்தாலோ மிகுதியான மதுவாலோ அந்த ஓட்டம் குறைந்தால் எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகிறது. தொடை இடுக்கில் வலிக்கும். சப்பணமிட்டு உட்காரச் சிரமமாகும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்துவிடும். எலும்பின் தலை நசுங்குவதற்குள் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பில் மெல்லிய விரிசல் விழும். முழு முறிவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மந்தமான வலி எச்சரிக்கும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி இரண்டு தொடைகளையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

குழந்தைகளின் வளர்ச்சி வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் மாலையிலோ இரவிலோ வரும். காலையில் ஓடி விளையாடுவார்கள். ஒரே காலில் வலி நீடித்தாலும், வீக்கம் தெரிந்தாலும், பிள்ளை நொண்டினாலும் காட்டிவிட வேண்டும். எலும்புப் புற்றுநோய் அரிது. ஆனால் வளரிளம் பருவத்தினருக்கு அது அதிகம் வரும் இடம் முழங்காலை ஒட்டிய எலும்புதான்.

உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டியவை இவை: விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, காய்ச்சலோடு சேர்ந்த கடும் வலி, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாவது. கடைசியாகச் சொன்னது ரத்தக்கட்டியாக இருக்கலாம். எண்ணெய் போட்டு நீவினால் அது பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடக்கூடும். ஓய்விலும் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றது ஆகியவை இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

போகும்போது இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.