விரல் அறிந்த கோடு

சாந்திநிகேதன் இந்தி பவனத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தால், மூன்று சுவர்களிலும் ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் என்று அடியார் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். 1947-இல் பினோத் பிஹாரி முகர்ஜி முடித்த சுவரோவியம் இது. சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும். கை தவறினால் காரையைப் பெயர்த்தெடுப்பதைத் தவிர வழியில்லை. அந்த வேலையை முழு அளவு முன்வரைவு எதுவும் இல்லாமல் செய்தார். அதுவும், பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணிலோ கடுமையான கிட்டப்பார்வை. மொத்தச் சுவரும் அவர் மனதுக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

ஐம்பதைக் கடந்த கொஞ்ச காலத்தில், கண்புரைக்குச் செய்த அறுவை சிகிச்சை பலிக்காமல், இருந்த பார்வையும் போயிற்று. இடையில் விட்டுப் போயிருந்த சாந்திநிகேதனுக்குத் திரும்பி, அங்குள்ள கலைப்பள்ளியான கலா பவனத்தில் மீண்டும் பாடம் நடத்தத் தொடங்கினார். கையும் சும்மா இருக்கவில்லை. மெழுகைப் பிசைந்து உருவங்கள் செய்தார், காகிதத்தை மடித்தார், வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டினார்.

எனக்கு அந்தத் தாள்கள்தான் பெரிது. தூரிகை இழுத்த கோட்டை விரலால் படிக்க முடியாது. உலர்ந்ததும் அது தாளோடு தாளாகிவிடும். கத்தரிக்கோல் போன வழிக்கோ ஒரு விளிம்பு உண்டு. தடவினால் தோள் எங்கே வளைகிறது, முழங்கால் எங்கே மடங்குகிறது என்று தெரியும். தாள்மேல் தாள் ஒட்டினால் முன் எது, பின் எது என்றுகூடப் புரியும். நிறத்தை மட்டும் இன்னொருவர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் வந்தால் என்ன ஆகும் என்பதை, 1919-இல் கலா பவனத்தில் மாணவராகச் சேர்ந்தவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸும் நோயுற்ற முதுமையில் கத்தரிக்கோலை எடுத்தவர்தான். ஆனால் வெட்டியதை அவர் கண்ணால் பார்த்தார்.

‘பார்வையற்ற ஓவியர்’ என்று வியந்துவிட்டு நகர்வது இவருக்குச் செய்யும் அநியாயம். சாய்ந்து கிடக்கும் மனிதர், பழத்தோடு ஒரு பெண்: வெட்டியது யார் என்று தெரியாமல் பார்த்தாலும் அவை நல்ல படங்கள்.

பிறகு கலா பவனச் சுவர் ஒன்றுக்குப் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய படைப்பை உருவாக்கினார். காகிதத்தில் மடித்துச் செய்த உருவங்களே அதற்கு மாதிரி. 1940-களில் அவரிடம் படித்த சத்யஜித் ராய், 1972-இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ ஆவணப்படத்தில் இந்த வேலையைப் பதிவுசெய்திருக்கிறார். காகிதத்தில் விரல் தேடிய விளிம்பு, அந்தச் சுவரில் ஓடுகளின் ஓரமாக ஓடுகிறது.